மலிவான நகரம் யாருக்கு மலிவு?

(ராஜபாளையம் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இரவு ஷிப்டு முடித்து, கண் உறங்காமல் வந்திருக்கும் மில் தோழர்களுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலிருந்து நடவு முடித்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தாய்மார்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு மில் தோழர் நம்மிடம் வந்தார். "மகன் ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறேன் என்கிறான். அங்கே காலேஜுக்குச் சம்பளம் கிடையாதாம். கெம்னிட்ஸ் என்ற ஊரில் வாடகையும் மலிவாம். வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா தோழர்?" என்று கேட்டார். இது அவர் ஒருவரின் கேள்வி அல்ல. ஆகவே எல்லோருக்குமாகப் பேசுகிறோம்.

கெம்னிட்ஸ் நமக்கு அந்நிய ஊரா? இல்லை. ராஜபாளையத்தைப் போல அதுவும் பஞ்சாலை ஊர். 'சாக்ஸனியின் மான்செஸ்டர்' என்று பெயர் பெற்றது. 1871ல் அங்கே இயந்திரத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, பத்து மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1953 முதல் 1990 வரை அந்த ஊரின் பெயரே கார்ல் மார்க்ஸ் நகரம். 1971ல் நிறுவிய மார்க்ஸின் ஏழு மீட்டர் உயரத் தலைச்சிலை இன்றும் அங்கே நிற்கிறது.

1990க்குப் பின் ஆலைகள் பல மூடப்பட்டன. வேலை தேடி மக்கள் வெளியேறினார்கள். வீடுகள் காலியாயின. வாடகை மலிவின் ரகசியம் இதுதான் தோழர்களே!

கட்டணமில்லாக் கல்வியும் யாரும் போட்ட பிச்சையல்ல. 2005ல் நீதிமன்றம் தடையை நீக்கியதும், பல மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ வரை வசூலிக்கத் தொடங்கின. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 2014ல் கடைசி மாநிலமும் கைவிட்டது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்றும் கட்டணம் இல்லை.

ஆனால் தரகன் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. 2024 செப்டம்பர் முதல், விசாவுக்கு முன்பே 11,904 யூரோவை வங்கியில் கட்டிக் காட்ட வேண்டும். ரூபாயில் பத்து லட்சத்துக்கு மேல்! அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுத்துச் செலவழிக்கலாம். படித்துக்கொண்டே ஆண்டுக்கு 140 முழு நாள் வேலையும் பார்க்கலாம். ஆனால் முதல் பணத்துக்கு மில் கூலி எங்கே போகும்?

மத்திய அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடம். அதில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், கைவினைஞர் பிள்ளைகளுக்கு எத்தனை? நான்கே நான்கு! அதுவும் உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள கல்லூரிகளுக்கே. இது நியாயமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்டில் அதே கெம்னிட்ஸ் தெருவில் வலதுசாரிக் கும்பல் அயல்நாட்டாரைத் துரத்தியது. சில நாளில், அந்த வெறியை எதிர்த்து நடந்த இசைக் கூட்டத்தில் சுமார் 65,000 பேர் திரண்டார்கள். பகைவனும் அங்கே உண்டு, தோழனும் உண்டு.

அந்தத் தோழருக்கு நாம் சொன்னது இது: பையன் போகட்டும், தடுக்காதீர்கள். ஆனால் அனுமதிக் கடிதம் கையில் வருமுன் தரகனுக்குக் காசு கொடுக்காதீர்கள். வட்டிக்காரனிடம் பத்திரம் போகக் கூடாது. முதலில் அரசு வங்கியில் கல்விக் கடன் கேளுங்கள். நாமும் உடன் வருகிறோம்.

அந்த நான்கு இடம் நானூறாக வேண்டும். அதைக் கேட்க ஒரு குரல் போதாது. ஆலையும் வயலும் சேர்ந்து கேட்க வேண்டும். சேருவோம் தோழர்களே!