ஜனவரி 15: ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பொங்கல்

ஜனவரி 15 எங்க தேனி மாவட்டத்துல பென்னிகுக் பிறந்தநாள். 1841-ல் பிறந்தவர், 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த எஞ்சினியர். பாலார்பட்டியில அவருக்குன்னே பொங்கல் வைப்பாங்க. பிள்ளைகளுக்கு அவர் பேரும் உண்டு.

நான் மயிலாடும்பாறை. பொங்கல் லீவுக்குக் கூடலூர் மாமா வீட்டுக்குப் போனா வாய்க்கால் நிறையத் தண்ணி. கம்பம் பள்ளத்தாக்குல அந்தத் தண்ணியில 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையுது. மாமா, பென்னிகுக் படத்தைக் கும்பிடச் சொல்வார், கும்பிடுவேன்.

ஊருக்குத் திரும்பினா மூல வைகை வெறும் மணல். பெரியாத்துத் தண்ணி எங்க பக்கம் வராது. ரெண்டு ஆறும் சேர்றதே வைகை அணைக்குக் கொஞ்சம் முன்னாடிதான். வருசநாட்டு மலையில மழை பெஞ்சாத்தான் எங்களுக்கு ஆறு.

"நமக்கு வராத தண்ணிக்கு நான் எதுக்கும்மா கும்பிடணும்?"னு கேட்டேன்.

"ஒங்க மாமன் அனுப்புற அரிசியத்தானடா திங்கிற"ன்னாங்க அம்மா.

சரிதான். ஆனா எங்க மணலுக்கும் ஒரு ஆள் வரணும்னு அன்னைக்கே தோணுச்சு, இப்பவும் தோணுது.

உங்க ஊருக்கு மட்டுமே தெரிஞ்ச பிறந்தநாள் எது? வாய்ஸ் நோட்ல சொல்லுங்க.