வெள்ளெழுத்துக்கு லேசர் வேணுமா?

நாற்பதைத் தாண்டினதும் பாஸ்புக்கைக் கை நீட்டிப் பிடிக்கிறோம், தீர்மான நோட்டை வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயசாக ஆக இறுகுவதுதான் வெள்ளெழுத்து. "லேசர் வச்சா சரியாயிடுமாமே?" என்று பல பேர் கேட்கிறீர்கள். லேசர் கருவிழியின் வளைவைத்தான் மாற்றும். இறுகின லென்ஸை இளக்காது. பெரும்பாலும் ஒரு கண்ணைக் கிட்டத்துக்கும் மறு கண்ணைத் தூரத்துக்கும் அமைப்பார்கள். அது எல்லோருக்கும் ஒத்துவராது, சில வருஷம் போனால் மறுபடி கண்ணாடி தேவைப்படலாம். இதுக்காகக் குழுவில் கடன் வாங்குவது வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம்.

அசாமில் 40 வயசு கடந்த தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் பார்க்க உதவும் கண்ணாடி கொடுத்ததும் பறிக்கும் அளவு நன்றாகவே கூடியதாக 2018-ல் வந்த ஆய்வு சொல்கிறது. பூக்கட்டும் நமக்கும் அதே கணக்குத்தான். "கிழவி"ன்னு சொல்றவங்க சொல்லட்டும்! மதுரையில் 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கிராமப்புறங்களிலும் பார்வை மையங்கள் இருக்கின்றன. போகும்போது கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.