காணொளி போதாது, ஆய்வகமும் நம் உரிமை

(மாணவர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையவழிக் கல்வி பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் கனிம வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அந்தப் பாடத்தை எனக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தது நான் படித்த கல்லூரி அல்ல. ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் காணொளிகள்தான். பாடம் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். புரியாவிட்டால் பத்து முறை திரும்பக் கேட்கலாம். வகுப்பில் அப்படிக் கேட்டால் ‘கோட்டாவில் வந்தவன்தானே’ என்ற பார்வை வரும். திரையில் பேசும் பேராசிரியர் என் ஊரையும் தெருவையும் விசாரிப்பதில்லை. அதனால் இணையவழிக் கல்வியைக் குறைசொல்ல நான் வரவில்லை.

என் அப்பா வாணியம்பாடிப் பக்கம் தோல் ஷாப்பில் டிரம் ஓட்டியவர். குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் நீலமாக வெளியே வரும். ‘வெட் ப்ளூ’ என்பார்கள். அது ஏன் அழுகுவதில்லை என்பது அணைவுச் சேர்மங்கள் பற்றிப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. தோலிலுள்ள கொலாஜன் இழைகளைக் குரோமியம் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அன்றிரவே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். “சோடாவ ஒரேயடியா கொட்டினா மேல்பக்கம் சுருங்கித் தோல் கெட்டுடும். அத சொன்னாங்களா?” என்று கேட்டார். சொல்லவில்லை.

காரணம் எனக்குத் தெரியும், கைப்பக்குவம் அவருக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆளிடம் சேராமல் பார்த்துக்கொண்டதுதான் சாதி.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1896இல் மெர்குரஸ் நைட்ரைட்டைத் தயாரித்துக் காட்டிய கனிம வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய், 1902இல் வெளிவந்த ‘இந்து வேதியியல் வரலாறு’ முதல் தொகுதியில் இதையே வாதிட்டார். கைத்தொழில்களைக் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களிடம் தள்ளிவிட்டு, படித்த சாதிகள் விலகிக்கொண்டதால்தான் இந்த நாட்டில் அறிவியல் மனப்பான்மை தேய்ந்தது என்றார்.

ஹைட்ரஜன் சல்பைடை எடுத்துக்கொள்ளுங்கள். காணொளியில் அது ஒரு சமன்பாடு. ஆய்வகத்தில், நச்சுப்புகையை உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்துக் கையாள வேண்டிய வாயு. மலக்குழியில் அது மரணம். அளவு கூடினால் முகரும் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் திரும்புவதில்லை. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. ஒருவருக்குச் சமன்பாடு, இன்னொருவருக்கு வாயு என்ற இந்தப் பங்கீட்டை உடைக்கத்தான் நம் பிள்ளைகள் வேதியியல் படிக்க வேண்டும்.

ஆனால் இப்போது என்ன நடக்கிறது? ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தில் படிக்கலாம் என்று 2021இல் யுஜிசி விதி வகுத்தது. வசதியுள்ள கல்லூரி மாணவருக்கு இது கூடுதல் வாய்ப்பு. பேராசிரியர் இடம் காலியாக, ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் கல்லூரியில், ‘ஸ்வயத்தில் பார்த்துக்கொள்’ என்று கைகழுவ ஒரு வழி. அங்கே படிப்பவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மயில்துத்தக் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர்நீல வீழ்படிவு கரைந்து அடர்நீலமாவதைத் தன் கையால் செய்து பார்க்காமலே ஒரு மாணவி பட்டம் வாங்கிவிட முடியும். நேர்காணலில் பியூரெட்டைப் பிடிக்கத் தெரியாமல் நிற்கும்போது, ‘தகுதி இல்லை’ என்று அவளைத்தான் சொல்வார்கள்.

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. இணையப் பாடத்தைக் காட்டி ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக விடக்கூடாது. இணையவழியில் அறிவியல் படிக்கும் எவருக்கும் அருகிலுள்ள அரசுக் கல்லூரி ஆய்வகத்தை வார இறுதியில் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும். பாடங்கள் நல்ல தமிழிலும் வேண்டும்.

சிறுவன் அம்பேத்கரைப் பள்ளித் தண்ணீர்க் குழாயைத் தொடவிடவில்லை. பியூன் வந்து திறந்தால்தான் தண்ணீர். இன்று ஆய்வகக் கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே நடப்பதைப் படம்பிடித்துக் காட்டுகிறோம் என்கிறார்கள். படத்தையும் பார்ப்போம், தோழர்களே. கதவையும் திறக்கச் சொல்வோம்.