வராதவர்களைத் தேடி

(ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனைக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்தோம், என்ன கருவி வாங்கினோம், எந்தக் கட்டடம் எழும்பியது என்று கணக்கு ஒப்புவிப்போம். இம்முறை எங்களிடம் வராமற்போனவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அவர்களைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழிகாட்டியது பக்கத்து ஊராட்சி. அந்தக் கதையை நீங்கள் அறிய வேண்டும்.

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் தடையுத்தரவு அமலுக்கு வந்தது. பேருந்துகள் நின்றன. எங்கள் கிராம மருத்துவ வண்டியும் நின்றது. அந்தச் சமயம் எங்கள் காசநோய்ப் பிரிவில் ஒரு கொத்தனார் இரண்டாம் மாத மாத்திரையில் இருந்தார். ஆறு மாதம் தவறாமல் சாப்பிட வேண்டிய மருந்து அது. கடைசியாக வந்தபோது இருமல் குறைந்திருந்தது. எடையும் சற்றுக் கூடியிருந்தது. அதன்பின் அவர் வரவில்லை. அவருடைய அட்டை எங்கள் பெட்டியிலேயே கிடந்தது. 2021 கடைசியில் அவரை ஓர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு நாள் எங்கள் வார்டில் இருந்தார். பிறகு இறந்துபோனார்.

இதை உங்களிடம் மறைக்காமல் சொல்வது எங்கள் கடமை. கொரோனா வார்டில் நாங்கள் இரவும் பகலும் உழைத்தது உண்மை. ஆனால் பேருந்து ஓடத் தொடங்கிய பிறகாவது அந்த அட்டையைக் கையில் எடுத்து, "இந்த மனிதர் எங்கே?" என்று கேட்டுவர ஒருவரையும் நாங்கள் அனுப்பவில்லை என்பதும் உண்மை.

இது எங்கள் ஒரு மருத்துவமனையின் குறை மட்டுமல்ல. 2019-இல் இந்தியாவில் ஏறத்தாழ 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020-இல் அது சுமார் 18 லட்சமாகக் குறைந்தது. உலகளவில் அந்த எண்ணிக்கை 71 லட்சத்திலிருந்து 58 லட்சமாக இறங்கியது. நோய் குறைந்ததால் அல்ல, கண்டுபிடிப்பது குறைந்ததால். காசநோயைக் கண்டறியும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகள் பல இடங்களில் கொரோனா பரிசோதனைக்குத் திருப்பிவிடப்பட்டன. மக்களுக்கும் பயம். இருமினால் தனிமைப்படுத்துவார்கள், வாசலில் நோட்டீசு ஒட்டுவார்கள் என்று அஞ்சி, இருமலைத் துணியால் பொத்தி மறைத்தார்கள். ஊரடங்கு முடிந்தும் அந்தப் பயம் முடியவில்லை.

இனி ஊராட்சியைப் பற்றிச் சொல்கிறோம். 2019 டிசம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் 2020 ஜனவரி 6 அன்றுதான் பதவியேற்றார்கள். மூன்று மாதம் நிறைவதற்குள் கொள்ளைநோய் வந்துவிட்டது. கிருமிநாசினி தெளிப்பதும், அரிசியில்லாத வீட்டைக் கண்டறிவதும், வெளியூரிலிருந்து திரும்பியவர்களுக்கு இடம் ஒதுக்குவதும் அவர்கள் தலையில் விழுந்தது. பரவல் காரணமாகக் கிராமசபைக் கூட்டங்களும் நின்றுபோயின. 2021 அக்டோபர் 2 அன்றுதான் மீண்டும் மக்கள் கிராமசபையில் கூடினார்கள்.

கொத்தனாரின் மரணத்துக்குப் பின் நாங்கள் அவருடைய ஊராட்சித் தலைவியைப் போய்ப் பார்த்தோம். நடுத்தர வயதுப் பெண்மணி. எட்டாம் வகுப்புவரை படித்தவர். நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள உங்களுக்குத் தெரியும் டாக்டரம்மா. வராதவங்கள எங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அந்த வார்த்தை எங்களைக் குத்தியது. ஆனால் வழியையும் காட்டியது.

நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை நாங்கள் அவரிடம் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஊருக்குள் ஒருவருடைய நோயைச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. ஆகவே எல்லாரையும் சோதிப்பது என்று முடிவாயிற்று. நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கே காலையில் எங்கள் குழு போயிற்று. தலைவியே முதலில் வந்து நின்று, எல்லார் முன்னிலையிலும் எடை பார்த்து, நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டார். அதன்பின் கூச்சம் விட்டது.

எங்களுக்கு மிகவும் உதவியவர்கள் தூய்மைக் காவலர்கள். ஊரடங்கிலும் வாசல்தோறும் குப்பை வண்டி தள்ளிப் போனவர்கள் அவர்கள். எந்த வீட்டுக் கிழவர் வெளியே வருவதில்லை, எந்த வீட்டில் இரவெல்லாம் இருமல் கேட்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்ல, செவிலியர் அந்தந்த வீட்டுக்குப் போய் அழைத்து வந்தார். அப்படி வந்தவர்களில் ஒரு பெண் பிள்ளைக்குச் சளியில் கிருமி இருந்தது. அவள் அந்தக் கொத்தனாரின் மகள். ஆறு மாத மருந்தையும் முடித்தாள். இப்போது வேலைக்குப் போகிறாள்.

அரசாங்கமும் இந்த உண்மையைக் கண்டுகொண்டது. 2023 மார்ச் 24 அன்று 'காசநோய் இல்லா ஊராட்சி' என்னும் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. ஓராண்டில் ஆயிரம் பேருக்கு 30 பேரையாவது பரிசோதித்திருக்க வேண்டும். கண்டறியப்படும் நோயாளிகள் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேல் இருக்கக்கூடாது. சிகிச்சை பெறுவோரில் 85 சதவீதமாவது குணமடைய வேண்டும். இவை அதன் நிபந்தனைகளில் சில. தகுதி பெறும் ஊராட்சிக்கு முதலாண்டில் வெண்கல நிறக் காந்தி சிலை தருகிறார்கள். இதில் நாங்கள் மெச்சுவது முதல் நிபந்தனையை. தேடிப் பார்க்காமலே "எங்கள் ஊரில் நோய் இல்லை" என்று எவரும் சொல்லிவிட முடியாது.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை இதில் எங்கே சேர்ந்தது என்று கேட்பீர்கள். மருந்தை அரசு இலவசமாகத் தருகிறது. சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகையும் 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆயினும் உழைக்க முடியாதவர் வீட்டில் அடுப்பு எரிய அது போதாது. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. நோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீடுகளில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் அங்கே தடுப்பு மருந்தாகவே வேலை செய்தன. நீங்கள் அனுப்பிய பணத்தில் நாங்கள் வாங்கியதும் அரிசி, பருப்பு, நிலக்கடலை, முட்டைதான். வைத்துக் கொடுக்க இடம் தந்தது ஊராட்சி.

ஒரு கவலையையும் சொல்லி முடிக்கிறோம். 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். நம் தலைவியம்மாவும் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் எங்கள் முகாமுக்கு வந்து, எப்போதும்போல முதல் ஆளாக வரிசையில் நின்றார். "பதவி போனா இருமல் நின்னுடுமா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று நாம் இருந்துவிட முடியாது.

ஆகவே உங்களிடம் இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். உணவுப் பைக்காக நீங்கள் தரும் உதவியை நிறுத்திவிடாதிருங்கள். ஆறு மாத மருந்துக்கு ஆறு மாத உணவும் வேண்டும். மற்றொன்று பணமில்லாத உதவி. உங்கள் ஊரில் கிராமசபை கூடும்போது போய் உட்காருங்கள். தெருவிளக்கையும் குடிநீரையும் கேட்ட பிறகு, "நம் ஊரில் இருமலோடு வீட்டுக்குள் இருப்பவர் யார்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளும் தொழுவத்தில் இருக்கிறதென்று நல்ல மேய்ப்பன் திருப்தியடையவில்லை. நாங்களோ ஒரு காலம் அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். இனி அப்படிக் காத்திருக்க மாட்டோம்.