மழைத்தண்ணியை அளக்க வெளியூர் நிறுவனம் வந்தால் நாம என்ன கேட்கணும்?

(தர்மபுரியில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது புதுச்சேரி பக்கம். ஆனா மழை கொட்டினது நம்ம பக்கம். அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., நம்ம அரூரில் 33 செ.மீ. மழை பதிவானது. 33 செ.மீ. மழை ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுந்தா 33 கோடி லிட்டர் தண்ணி. 12,000 லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரியில ஏத்தினா 27,500 லோடு! எந்த ஊர் வடிகாலும் இதை ஒரே ராத்திரியில கொண்டு போகாது. வடிகால் கட்டும்போது சில வருஷத்துக்கு ஒருமுறை வர்ற மழையைக் கணக்கில் வைத்துத்தான் அளவு போடுறாங்க.

அந்த 33 செ.மீ. என்பது மழைமானி இருக்கிற இடத்தில் பதிவான கணக்கு. உங்க தெருவில் எவ்வளவு பெய்தது, எந்தச் சிறுபாலத்தில் தண்ணி முட்டி நின்றது, எத்தனை மணிக்கு வடிந்தது என்பதை அது சொல்லாது. நகரங்களில் 4 சதுர கிலோமீட்டருக்கு ஒரு தானியங்கி மழைமானி இருக்கணும் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. மழைநீர்க் கண்காணிப்பு என்றால் அடிப்படையில் இதுதான். பெய்த மழையை அளக்கணும். வடிகால்ல ஓடுற தண்ணியின் மட்டத்தை அளக்கணும். ஏரிக்கும் ஓடைக்கும் எவ்வளவு போய்ச் சேருதுன்னு பார்க்கணும்.

இதை யார் செய்றது? ஒரு சின்ன நகராட்சியில் பொறியாளர் பிரிவு என்றால் ரோடு, குடிநீர், கட்டடம், தெருவிளக்கு எல்லாம் அவங்க தலையில்தான். நடுராத்திரி மழையில் வடிகால் மட்டத்தைக் குறிச்சு, அதை கம்ப்யூட்டர் மாதிரியில் போட்டு, அடுத்த மழைக்கு எந்தத் தெரு முழுகும்னு சொல்றதுக்குத் தனிப் படிப்பு வேணும், கருவி வேணும். அதனால்தான் ஊர்கள் வெளியில் இருந்து ஆலோசகர்களை, அதாவது கன்சல்டன்ட்டுகளை, அமர்த்துகின்றன. இதில் தப்பு எதுவும் இல்ல. எப்படி அமர்த்துறோம் என்பதில்தான் விஷயம் இருக்கு.

நம்ம மாநிலத்தில் இதை அதிகம் பார்த்த ஊர் சென்னை. 2015 டிசம்பர் வெள்ளம் எல்லாருக்கும் தெரியும். 2021 நவம்பரில் மறுபடியும் தண்ணி தேங்கியது. அப்போது அரசு, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் ஒரு வல்லுநர் குழு அமைத்தது. அந்தக் குழு 2023 மார்ச்சில் இறுதி அறிக்கை கொடுத்தது. அதே 2021 டிசம்பரில், கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அந்தத் திட்டத்தில் புதுசா கட்ட வேண்டிய வடிகால் மட்டுமே 588 கிலோமீட்டர். இந்த மாதிரி கடன் திட்டங்களில் மேற்பார்வைக்கும் கண்காணிப்புக்கும் ஆலோசனை நிறுவனம் அமர்த்துவது திட்டத்தின் ஒரு பகுதியாகவே வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்ததைப் பார்த்த நமக்கு இந்த ஏற்பாடு புதுசு இல்லை.

சென்னையில் எனக்கு முக்கியமா படுற இடம் கோவளம் வடிநிலம். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டின பகுதி மணற்பாங்கானது. அங்கே கான்கிரீட் வடிகால் கட்டத் திட்டம் போட்டப்போ, குடியிருக்கிறவங்களே எதிர்த்தாங்க. மழைத்தண்ணி தானா மணலுக்குள் இறங்குது, நிலத்தடி நீரைக் காப்பாத்துது, இங்கே எதுக்கு வடிகால் என்பது அவங்க கேள்வி. விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. வரைபடத்தில் தெரியாத ஒண்ணு, அந்த மண்ணு மேல தினமும் நடக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. வெளியில் இருந்து வர்ற நிபுணர்கிட்ட கருவி இருக்கும், கணக்கு இருக்கும். ஊர் ஞாபகம் உங்ககிட்டதான் இருக்கு. ரெண்டும் சேரலைன்னா அறிக்கை தடிமனா வரும், அவ்வளவுதான்.

இப்போ ஒப்பந்தத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் அரசு கொள்முதல் எல்லாம் 1998ஆம் வருஷத்து ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டத்தின்கீழ் நடக்கணும். பைப் வாங்கும்போது குறைஞ்ச விலைக்காரருக்குக் கொடுக்கலாம். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் தரத்துக்கும் விலைக்கும் தனித்தனியா மதிப்பெண் போடுறாங்க. தரத்துக்கு 80, விலைக்கு 20 என்றோ, 70க்கு 30 என்றோ இருக்கும். நிறுவனத்தின் முன் அனுபவம், அனுப்பப்போற ஆட்களின் தகுதி எல்லாம் தரத்துக்குள் வரும்.

இங்கே ஒரு இடத்தில் கவனமா இருக்கணும். விண்ணப்பத்தில் முப்பது வருஷ அனுபவம் உள்ள பெரிய நிபுணரின் பெயர் இருக்கும். மதிப்பெண் அவருக்குத்தான் விழும். மழைக்காலத்தில் உங்க தெருவுக்கு வந்து நிற்கிறது போன வருஷம் படிச்சு முடிச்ச ஒரு தம்பியா இருக்கலாம். (தம்பிகளைக் குறை சொல்லலைங்க, நானும் அந்த வயசுதான்.) பெயர் குறிப்பிட்ட நிபுணர் எத்தனை நாள் நேர்ல வருவார், ஆளை மாத்தினா யார்கிட்ட அனுமதி வாங்கணும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கணும்.

அதைவிடப் பெரிய கேள்வி, அளந்த கணக்கு யாருக்குச் சொந்தம் என்பது. ரெண்டு வருஷம் சென்சார் வைச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை நீர்மட்டம் பதிவாகுதுன்னு வைங்க. ஒப்பந்தம் முடிஞ்ச அன்னைக்கு நகராட்சி கையில் என்ன மிஞ்சும்? வண்ணப்படத்தோட ஒரு பி.டி.எஃப். அறிக்கை மட்டும் மிஞ்சினா, அடுத்து வர்ற நிறுவனம் மறுபடி முதல்ல இருந்து அளக்கும், மறுபடி அதே பணம் செலவாகும். அளந்த எண்கள் மொத்தமும், யார் வேணும்னாலும் திறந்து பார்க்கக்கூடிய கோப்பா நகராட்சிகிட்ட ஒப்படைக்கப்படணும். கடைசித் தவணைப் பணத்தை அந்த ஒப்படைப்போட கட்டிப்போட்டா நல்லது. சென்சாரைக் கழுவவும், பேட்டரி மாத்தவும், கணக்கைப் படிக்கவும் நகராட்சி ஊழியர்கள் ரெண்டு பேருக்காவது பயிற்சி கொடுத்துட்டுப் போகணும். வண்டல் மூடின சென்சார் எப்பவும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

கண்காணிக்கிறவரே வடிகால் கட்டுற ஒப்பந்ததாரரா இருக்கக்கூடாதுன்னு நான் விளக்கத் தேவையில்லை.

வேலை தொடங்குற மாதத்தையும் பாருங்க. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரியில் ஆரம்பிச்சு செப்டம்பரில் முடியுற கண்காணிப்பு ஒப்பந்தத்தில் அந்த மழை சிக்கவே சிக்காது.

தண்ணியின் அளவைப் பத்தி மட்டும் பேசினா பாதி விஷயம்தான். அமெரிக்காவில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்கள், மழைநீர் வடிகாலைத் திறந்துவிட அனுமதி வாங்கணும், அதில் என்ன கலந்திருக்குன்னு மாதிரி எடுத்துப் பார்க்கணும் என்று 1990ல் விதி வந்தது. 1999ல் சின்ன ஊர்களையும் அந்த அனுமதி முறைக்குள் கொண்டு வந்தாங்க. அங்கே பல நகராட்சிகள் ஆலோசகரை அமர்த்துவது இந்தச் சோதனைக்காகத்தான். நம்ம ஊரை ஒட்டி ராமக்காள் ஏரி இருக்கு, சனத்குமார நதி போகுது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கிற மாவட்டம் இது. மழைத்தண்ணியைச் சீக்கிரம் வெளியே தள்ளுறது மட்டும் நமக்கு லாபம் இல்லை. அது ஏரியில் நிக்கணும், சாக்கடை கலக்காம நிக்கணும். ஆலோசகரின் பணி வரையறையில் தண்ணியின் தரமும் இருக்கான்னு கேளுங்க.

எங்கே கேட்கிறது? 2022ல் வந்த விதிகளின்படி நகர்ப்புறங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. உங்க பகுதி சபை கூடும்போது இந்தக் கேள்விகளை வையுங்க. டெண்டர் அறிவிப்புகளும் ஆவணங்களும் தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் வரும், போன்லயே பார்க்கலாம். வடிகால் அடைப்பு, மூடாத சேம்பர் மாதிரி குறைகளுக்கு முதல்வர் உதவி மையம் 1100. பேரிடர் நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. மழை எச்சரிக்கைக்கு டிஎன்-அலர்ட் செயலியை இறக்கி வைச்சுக்குங்க.

உங்க போனும் ஒரு அளவுகோல்தான். மழை பெய்யும்போது வாட்ஸ்அப் குரூப்ல வீடியோ போடுறீங்க, ரெண்டு நாள்ல அது எங்கேயோ போயிடுது. அதையே கொஞ்சம் மாத்தி செய்யலாம். ஒவ்வொரு மழைக்கும் ஒரே இடத்தில் நின்னு படம் எடுங்க. மின்கம்பமோ வீட்டுப் படியோ படத்துக்குள் வரட்டும், தண்ணி எவ்வளவு உயரம்னு அதை வைச்சு சொல்லிடலாம். இருப்பிடத்தையும் நேரத்தையும் படத்தின் மேலேயே பதிக்கிற கேமரா செயலிகள் இருக்கு, அதைப் பயன்படுத்துங்க. தண்ணி ஏறின நேரத்தைப் போலவே வடிந்த நேரத்தையும் குறிச்சு வைங்க. மாதிரி போடுற பொறியாளருக்கு, தன் கணக்கு சரியான்னு ஒத்துப் பார்க்க உதவுறது அந்த ரெண்டு நேரமும்தான். படத்துக்காகத் தண்ணிக்குள் இறங்க வேண்டாம். மூடி திறந்த சேம்பர் எங்கே இருக்குன்னு தெரியாது, கம்பத்தில் மின்கசிவும் இருக்கலாம். வாசலில் இருந்தோ மாடியில் இருந்தோ எடுத்தாலே போதும்.

ஏற்கெனவே ஒரு ஆய்வு முடிஞ்சிருக்குன்னு கேள்விப்பட்டா, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்க. கட்டணம் 10 ரூபாய், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தரணும். அறிக்கையின் நகலோட நிறுத்திடாதீங்க. பணி வரையறை, பணம் கொடுத்த தவணைகள், அளந்த எண்கள் எந்தக் கோப்பில் யார்கிட்ட இருக்கு, இந்த மூணையும் சேர்த்து எழுதுங்க.