முழங்காலில் கை ஊன்றி எழும் குழந்தை
(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

என் வகுப்பில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன். கெண்டைக்கால் இரண்டும் நன்கு திரண்டிருக்கும். ஆனால் ஓடச் சொன்னால் பின்தங்குவான், அடிக்கடி விழுவான். தரையிலிருந்து எழும்போது முழங்காலில் கை ஊன்றி, தன் தொடையிலேயே ஏறுவதுபோல எழுவான். "என்னடா, தாத்தா மாதிரி எந்திரிக்கிற?" என்று எல்லோர் முன்னிலும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

மறு ஆண்டு, வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்புப் பயிற்றுநர் அவன் எழுவதைப் பார்த்ததுமே பெற்றோரை அழைத்துப் பேசினார். இரத்தப் பரிசோதனை, பிறகு மரபணுப் பரிசோதனை. 'டுஷென் தசைச்சிதைவு நோய்' என்றார்கள்.

நான் கேலி செய்த அந்த எழும் முறைக்கு 'கோவர்ஸ் அறிகுறி' என்று பெயர். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் 1879இலேயே அதை விவரித்திருக்கிறார். திரண்ட கெண்டைக்கால் வலிமையின் அடையாளம் அல்ல; சிதைந்த தசையின் இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்திருந்தன.

தசைச் செல்லின் உறையைத் தாங்கும் புரதம் டிஸ்ட்ரோபின். இது 1987இல் கண்டறியப்பட்டது. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆண்களுக்கு ஓர் எக்ஸ் மட்டுமே இருப்பதால் பெரும்பாலும் சிறுவர்களே பாதிக்கப்படுகிறார்கள். இதயமும் தசைதான், அதுவும் மெல்ல வலுவிழக்கும். ஓடாத குழந்தைக்கு மூச்சிரைப்பு வெளியே தெரியாது. எனவே தொந்தரவு இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் இதயப் பரிசோதனை தேவை. முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் ஸ்டீராய்டு மருந்துகளும் இதய மருந்துகளும் இயன்முறை சிகிச்சையும் ஆயுளை நீட்டிக்கின்றன.

உறவினர்கள் அவன் அம்மாவைப் பழித்தார்கள். அவரை அமரவைத்துப் பேசினேன். ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு இந்த மரபணு மாற்றம் புதிதாகவே தோன்றுகிறது. தாயிடமிருந்து வந்தாலும் அது அவர் குற்றம் அல்ல. மரபணுவைக் கடத்தும் பெண்களுக்கும் இதயப் பாதிப்பு வரலாம் என்பதால் அவரையும் பரிசோதனைக்கு அனுப்பினோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இந்நோயையும் ஏற்றுள்ளது. அடையாள அட்டை, உதவித்தொகை, தேர்வில் சொல்வதை எழுதுபவர் ஆகியவற்றைப் பெற்றுத்தர நாம் துணைநிற்கலாம். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றலாம். சாய்தளமும் கைப்பிடியுள்ள கழிப்பறையும் கேட்டுப் பெறலாம். ஓட்டம், தோப்புக்கரணம் ஆகியவற்றுக்கு அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அளவுக்கு மீறிய உழைப்பு அந்தத் தசைகளை மேலும் சேதப்படுத்தும்.

இப்போது அவன் ஏழாம் வகுப்பு. சக்கர நாற்காலியில் வருகிறான். விளையாட்டு வேளையில் ஸ்கோர் எழுதுவது அவன்தான். அவன் கணக்கை யாரும் மறுப்பதில்லை. அன்று கேலி செய்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஞாபகமே இல்ல டீச்சர்" என்றான். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நாளை காலை, தரையில் அமர்ந்திருக்கும் உங்கள் வகுப்புப் பிள்ளைகளை எழச் சொல்லி, ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள்.