வறட்சியும் வெள்ளமும் ஒரே ஏரியில்

(திருப்பதியில் பாசனப் பொறியாளர்களும் ஊராட்சிப் பணியாளர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நீர்வளத்தைத் திட்டமிடுவோர் நெடுங்காலமாகச் சராசரி என்னும் ஓர் எண்ணை நம்பி வந்திருக்கின்றனர். ஒன்றுபட்டிருந்த சித்தூர் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் ஆகும். இராயலசீமையின் பிற மாவட்டங்களைக் காட்டிலும் இது மிகுதி. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளிலும் இம்மாவட்டத்திற்குப் பங்குண்டு. ஏட்டளவில் இதனைப் பற்றாக்குறைப் பகுதி என்று சொல்வது கடினம். ஆயினும் ஆயிரம் அடி துளையிட்டும் நீர் காணாத கிணறுகள் இங்கே உள்ளன. அதே மாவட்டத்தில், 2021 நவம்பரில், மக்கள் ஏரிக்கரை உடையுமோ என அஞ்சி ஊரைவிட்டு வெளியேறவும் நேர்ந்தது.

காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது தாங்கும் ஈரப்பதம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது இயற்பியல் விதி. இதன் பயன் நாள்தோறும் சிறிது கூடுதலாகத் தூறல் விழுவதன்று. பெய்யும் நாட்கள் குறைந்தும், பெய்யும்போது கொட்டித் தீர்த்தும் போவதே பெரிதும் எதிர்பார்க்கத்தக்கது. இத்தகைய இரண்டு ஆண்டுகளின் சராசரியும் பழைய சராசரியாகவே இருக்கக்கூடும். எண் மாறாது, உழவனின் நிலை மாறிவிடும்.

2021 நவம்பர் 18, 19 ஆகிய நாட்களில், சென்னைக்கருகே கரையைக் கடந்த தாழ்வு மண்டலம் திருப்பதியில் பெய்வித்த மழையை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டார்கள். திருமலைப் பாதைகளில் மண் சரிந்தது. பொன்முகலி எனத் தமிழில் வழங்கும் சுவர்ணமுகி கரைபுரண்டது. வடக்கே, அன்றைய கடப்பை மாவட்டத்தில், செய்யேற்றின் மீதிருந்த அன்னமய்யா அணையின் மண்கரை 19ஆம் நாள் அடித்துச் செல்லப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். அதற்கு மேலே பிஞ்சா அணையிலும் உடைப்பு ஏற்பட்டிருந்தது. ஓரிரு நாட்களில், இராமச்சந்திராபுரம் அருகேயுள்ள இராயல செருவு ஏரியின் கரையில் கசிவு தோன்றியது. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று வழங்கப்படும் அந்தப் பேரேரியின் கீழுள்ள சிற்றூர்கள் வெளியேற்றப்பட்டன. மணல் மூட்டைகள் அடுக்கிக் கரை காப்பாற்றப்பட்டது.

இந்த வட்டாரத்தின் ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேலேரியின் கலிங்கு வழியும் நீர் வரத்துக் கால்வாய் வழியே கீழேரியை அடையும் சங்கிலித் தொடர்கள் அவை. ஆகவே ஓர் ஏரி உடைந்தால் அதன் சுமை முழுவதும் அடுத்த ஏரியின் மீது ஒரே வேளையில் விழும். 1903 நவம்பரில், மைசூர் நாட்டு ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியை அழித்தது இவ்வாறே. பாலாறு சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியைக் கடந்தே தமிழகம் புகுகிறது என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

அன்னமய்யா அணை உடைந்த சில வாரங்களில், 2021 டிசம்பரில், நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. பல ஆண்டு காத்திருந்த நல்ல சட்டம். ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட 10 முதல் 15 மீட்டர் வரையான அணைகளுக்குமே பொருந்தும். ஊர் ஏரிகளில் பெரும்பாலானவை இந்த வரம்பினுள் வாரா. 2023இல் வெளியான முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு நாட்டில் 24 இலட்சத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகளைப் பதிவு செய்தது. எண்ணி முடித்தாயிற்று. எண்ணப்பட்டவற்றின் கலிங்குகளை யார் சோதிப்பது என்பதற்குத்தான் விடை தெளிவாக இல்லை.

பொருளியல் பயின்றவன் என்ற முறையில் இதன் காரணத்தை என்னால் ஓரளவு சொல்ல இயலும். ஏரிச் சீரமைப்புக்குப் பணம் ஒதுக்கும்போது, கூடுதலாகத் தேங்கும் நீரின் அளவையும் பாசனம் பெறும் ஆயக்கட்டையும் கொண்டே பயனைக் கணக்கிடுகிறோம். தூர் வாரினால் கொள்ளளவு கூடும், படிவத்தில் எழுதலாம், நிழற்படமும் எடுக்கலாம். கலிங்கை அகலப்படுத்தினால் கொள்ளளவில் ஒரு கன அடியும் கூடாது. உடையாத ஏரியின் இலாபம் என்று ஒரு பத்தியே நம் படிவங்களில் இல்லை. ஏரி நீரால் ஊறும் கிணறுகளின் மதிப்பும் பெரும்பாலும் விடுபடுகிறது. சித்தூரின் பல ஏரிகளில் இன்று மதகு வழிப் பாசனத்தைவிடக் கிணற்று ஊற்றே பெரும்பயன் என்பதை இங்கிருப்போர் அறிவீர்கள். கணக்கு முறை தவறாக இருக்கும்வரை, 2011இல் தொடங்கிய தேசிய நீர் இயக்கம் போன்ற உயர்ந்த நோக்கங்கள் ஊர்க் கரைவரை வந்து சேரமாட்டா.

மறுபக்கம் வறட்சி. இப்பகுதியின் நிலத்தடி பெரிதும் கருங்கல். மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் விரிசல்களிலும் மட்டுமே நீர் தங்கும். ஆழமாகத் துளைப்பவன் புதிய நீரைக் காண்பது அரிது. அண்டை வீட்டான் நீரையே பெரும்பாலும் இழுக்கிறான். 2004 முதல் ஆந்திரத்தில் உழவுக்கு மின்சாரம் இலவசம். அதனை நிறுத்துக என்று சொல்வது எளிது. சொல்லிவிட்டு ஊருக்குள் செல்வது எளிதன்று. 2002இல் மாநிலம் இயற்றிய நீர், நிலம், மரங்கள் சட்டம் கிணறு தோண்டுவதைப் பதிவுக்கும் அனுமதிக்கும் உட்படுத்தியது. இலட்சக்கணக்கான கிணறுகளை அனுமதிச் சீட்டால் ஆளமுடியும் என்று நான் நம்பவில்லை.

இதைவிட நம்பத்தக்க ஒரு முயற்சி இம்மாவட்டத்திலேயே நடந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன், சித்தூர் உள்ளிட்ட 7 மாவட்டங்களில், உழவர்களே நிலத்தடி நீரை நிருவகிக்கும் திட்டம் 2003 முதல் சில ஆண்டுகள் செயற்பட்டது. மழைமானியையும் கிணற்று நீர்மட்டத்தையும் உழவர்களே, பெண்கள் உட்பட, அளந்து எழுதினர். பின்பருவச் சாகுபடிக்கு முன் ஒன்றுகூடி, நிலத்தடியில் இருப்பு எவ்வளவு, விதைக்க நினைக்கும் பயிர்களுக்குத் தேவை எவ்வளவு என்று வரவுசெலவு கணக்கிட்டனர். தடையுமில்லை, தண்டமுமில்லை. பற்றாக்குறையைக் கண்ணால் கண்டபின் பலர் நெல்லைக் குறைத்துக் குறைந்த நீர்ப் பயிருக்கு மாறினர். திட்டக் காலம் முடிந்தபின் பல ஊர்களில் அளவீடு தொய்வுற்றது. அளப்பவருக்கு நிலையான ஊதியமோ, கேட்டுப் பெறுவோரோ இல்லாத ஏற்பாடு வேறு எப்படி முடியும்?

திருப்பதி நகரைப் பொறுத்தவரை, 1977இல் அமைந்த கல்யாணி அணையும் கண்டலேறு வழி வரும் தெலுங்கு கங்கை நீருமே பெருந்துணை. தெலுங்கு கங்கை என்பது கிருஷ்ணா நீர்; அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை. அங்கே மழை பொய்க்கும் ஆண்டில் கல்யாணியும் வற்றினால் யாத்திரிகர் நகரத்திற்கு மூன்றாவது ஏற்பாடு எது? சுற்றியுள்ள ஏரிகளை மனைகளாக்கிவிட்டு இக்கேள்வியைக் கேட்பதில் பொருளில்லை.

செய்யக்கூடியவை பெருஞ்செலவினம் அல்ல. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், ஏரிகளை ஊர்வாரியாக அல்லாது தொடர்வாரியாகச் சோதிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதால், மேலேரி ஒருவர் பொறுப்பிலும் கீழேரி மற்றொருவர் பொறுப்பிலும் இருக்கக்கூடும். இருவரும் ஒரே பட்டியலில் கையொப்பமிடட்டும். சீரமைப்பு நிதியில் ஒரு பகுதியைக் கலிங்குக்கும் வரத்துக் கால்வாய்க்கும் என்றே ஒதுக்கி, அதனைத் தூர் வாரலுக்கு மாற்றத் தடை விதிக்கலாம். கிணற்று நீர்மட்டம் அளக்க ஊராட்சிக்கு ஒருவர், பழைய நீர்க்கட்டியைப் போல, ஊதியத்துடன் தேவை. அவர் எழுதும் எண்ணைக் கிராம சபை பின்பருவ விதைப்புக்கு முன் கேட்டாக வேண்டும். முதலில் இராயல செருவுத் தொடரிலேயே இதனைத் தொடங்கலாம் என்பது என் கருத்து.